துருவத்தை நோக்கிப் போகப் போக காஸ்மிக் கதிர் கூடிக்கொண்டே போகுமா?

கேள்வி: என் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். அடுத்த பயணம் தூத்துக்குடியிலிருந்து சூயஸ் வழியாக நார்வே என்கிறான். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் பக்கம் குறைவு, துருவத்துப் பக்கம்தான் அதிகம் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள். திருநெல்வேலியில் சித்திரை வெயிலில் நின்று பார்த்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். இது உண்மையா? உண்மையென்றால், தம்பி கையில் ஓர் அளக்கும் கருவியைக் கொடுத்தனுப்பினால் வடக்கே போகப் போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகுமா? ஏன்?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் சந்தேகப்படுவதும் நியாயம்தான். ஆனால் கேள்வியின் வாலில் ஒன்றைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்களே, ‘ஏறிக்கொண்டே போகுமா’ என்று, அதற்காகத்தான் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நோபல் பரிசு வாங்கிய இரண்டு பேர் பத்திரிகைகளில் சண்டையே போட்டிருக்கிறார்கள்.

முதலில் வெயிலை ஒதுக்கிவிடுவோம். காஸ்மிக் கதிர் என்றதும் சூரியனைத்தான் பலரும் நினைக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வரும் ஊரில் அதிகம் விழ வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். இதை 1912-லேயே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ், அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணத்தின்போது பலூனில் ஏறி அளந்தார். சூரியனை நிலா மறைத்தபோதும் கதிர்வீச்சு குறையவில்லை. ஆகஸ்ட் 7 அன்று 5,350 மீட்டர் உயரம் வரை போனார். மேலே போகப் போக அளவு கூடியது. ஆக, கதிர் மேலிருந்து வருகிறது, ஆனால் சூரியனிடமிருந்து அல்ல. இவற்றில் பெரும்பகுதி சூரியக் குடும்பத்துக்கு வெளியே, வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சங்களில் வேகம் பெற்று வருவதாக இன்று கருதுகிறார்கள். சூரியனுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரான பங்கு, பிறகு சொல்கிறேன்.

‘கதிர்’ என்கிறோமே தவிர, இவை பெரும்பாலும் துகள்கள். பத்தில் ஒன்பது புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. அவை அப்படியே தரைக்கு வந்து சேர்வதில்லை. காற்றின் மேலடுக்கில் அணுக்களோடு மோதிச் சிதறி, புதுத் துகள்களைப் பிறப்பிக்கின்றன. அவற்றில் கடல்மட்டம் வரை அதிகமாக வந்து சேர்வது மியூவான். எலெக்ட்ரானின் அண்ணன் என்று வையுங்கள், அதைவிட சுமார் 207 மடங்கு கனமானது. கிடைமட்டமாக வைத்த ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கையைப் பல டஜன் மியூவான்கள் துளைத்துப் போயிருக்கும்.

அடுத்தது, பூமி ஒரு காந்தம், துருவங்கள் துகள்களை இழுத்துக்கொள்கின்றன என்ற பேச்சு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. காந்தம் ஆணியை இழுப்பதுபோல் புரோட்டானை இழுக்காது. ஓடும் மின்துகளின் பாதையை அது வளைக்க மட்டுமே செய்யும், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. காந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓடினால் வளைவு அதிகம். கோட்டின் திசையிலேயே ஓடினால் வளைவே இல்லை. நம் தலைக்குமேல் காந்தக் கோடுகள் தெற்கு வடக்காக, தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன. மேலிருந்து இறங்கும் எந்தத் துகளும் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். கடக்கும்போது வலுவில்லாதவை வளைந்து விண்வெளிக்கே திரும்பிவிடும். துருவத்தில் கோடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே துகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடலாம். துருவம் இழுப்பதில்லை, நாம் துரத்துகிறோம், அவ்வளவுதான்.

எவ்வளவு வலுவான துகளை அனுமதிப்பது என்பதற்கு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ‘வெட்டு விறைப்பு’ என்பார்கள். விறைப்பு என்றால் காந்தப்புலத்துக்கு வளைந்துகொடுக்காத தன்மை. அதை ஜிகாவோல்ட், அதாவது நூறு கோடி வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். பூமியின் காந்தம் சரியாக மையத்தில் இருந்தால் காந்த நடுக்கோட்டில் இந்த வரம்பு சுமார் 15 ஆக இருக்க வேண்டும். திருநெல்வேலியில் அது 17-க்கும் மேல். பூமிக்குள் இருக்கும் அந்தக் கற்பனைக் காந்தம் மையத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆசியாவுக்குக் கிழக்கே மேற்குப் பசிபிக் பக்கமாக இருப்பதால் இந்தப் பாதிக்குக் காந்தப்புலம் கொஞ்சம் அதிகம் கிடைத்திருக்கிறது. எதிர்ப்பாதியில், பெரு நாட்டின் ஹுவான்காயோவில், வரம்பு 13-தான். காஸ்மிக் கதிர் நுழைய உலகிலேயே மிகக் கடினமான வட்டாரங்களில் தாமிரபரணிக் கரையும் ஒன்று. வெயிலுக்குக் குடை பிடிக்கும் ஊரில் இதற்கு மட்டும் இயற்கையே குடை பிடித்திருக்கிறது!

இனி கப்பலுக்கு வருவோம். அளப்பதற்குக் கப்பலை ஏன் தேடிப் போக வேண்டும்? ரயிலிலோ விமானத்திலோ போனால் ஆகாதா? தரையில் உள்ள தொல்லை பாறை. நம் பக்கத்துப் பாறைகளில் தோரியம், யுரேனியம், பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அவை காமா கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருவி அங்கே ஒன்று காட்டும், பாபநாசத்தில் ஒன்று காட்டும், இரண்டும் விண்ணைப் பற்றியதாக இருக்காது. மலை ஏறினால் காற்று மெலிந்து எண்ணிக்கை தானே கூடும். விமானத்தில் இன்னும் மோசம். கடலில் இந்த இரண்டும் இல்லை. உயரம் எப்போதும் ஒன்றே, அடியில் கதிர்வீச்சு மிகக் குறைந்த ஆழமான தண்ணீர். கப்பல் மெதுவாகப் போவதும் இங்கே ஒரு வசதி. எண்ணிக்கை சேர நேரம் வேண்டுமே.

1927-ல் ஜாவாவில் பேராசிரியராக இருந்த டச்சுக்காரர் யாக்கோப் க்ளே, ‘ஸ்லாமத்’ என்ற கப்பலில் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கருவியோடு பயணம் செய்தார். நமக்குத் தெற்கேயுள்ள கடலைக் கடந்து சூயஸ் வழியாகப் போகும் பாதை, கிட்டத்தட்ட உங்கள் தம்பியின் பாதைதான். வெப்பமண்டலக் கடலில் கதிர் குறைவாகவும் ஐரோப்பாப் பக்கம் அதிகமாகவும் இருப்பதாகச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன், 1923-ல் நோபல் வாங்கியவர், காஸ்மிக் கதிர் என்பது ஒளியைப் போன்ற காமா கதிர் என்று உறுதியாக நம்பினார். ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தம் அதை வளைக்காது. ஆகவே ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கவே கூடாது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பெரு வரை கப்பலில் போன அவருடைய சொந்த அளவீட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியின் வால்டர் போத்தேவும் வெர்னர் கோல்ஹோர்ஸ்டரும் உங்கள் கேள்வியையே செயலில் கேட்டார்கள். காந்தம்தான் காரணம் என்றால் துருவத்தருகே விளைவு பெரிதாக இருக்குமே என்று, 1930-ல் ஹாம்பர்க்கில் கப்பலேறி ஆர்க்டிக் பெருங்கடலின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு வரை போனார்கள். கிளம்பின இடத்தில் என்ன எண்ணிக்கையோ, 80 டிகிரி அட்சத்தைத் தாண்டிய பனிக்கடலிலும் அதே எண்ணிக்கை. ஏற்றமே இல்லை.

இத்தனைக்கும் இவர்கள் கருவி பழுது இல்லை. க்ளேயின் கருவியும் பழுது இல்லை. இரண்டும் ஒரே உலகத்தின் வெவ்வேறு பகுதிகள். இதை ஒட்டுப்போட்டவர் நோபல் வாங்கிய இன்னொருவர், ஆர்தர் காம்ப்டன். 1932-ல் உலகின் பல மூலைகளுக்குக் குழுக்களை அனுப்பி 69 இடங்களில் அளக்க வைத்தார். வித்தியாசம் உண்மை என்று நிலைநாட்டினார். அந்த டிசம்பரில் அவருக்கும் மில்லிகனுக்கும் நடந்த வாக்குவாதம் அமெரிக்க நாளிதழ்களுக்கு நல்ல தீனி. பிறகு காம்ப்டனும் டர்னரும் வான்கூவர்–சிட்னி பயணிகள் கப்பலான ‘அவோராங்கி’யில் கருவியை நிறுவி, திரும்பத் திரும்பப் போய்வர வைத்தார்கள். நடுக்கோட்டருகே சுமார் 10 சதவீதம் குறைவு. இரண்டு பக்கமும் ஏறி, காந்த அட்சம் 40 டிகிரி வாக்கில் ஏற்றம் நின்று, அதற்கப்புறம் மேசை போல் சமதளம். மில்லிகனும் கடைசியில் ஒத்துக்கொண்டார் என்பது மட்டுமல்ல, 1939–40 குளிர்காலத்தில் பலூன்களோடு இந்தியாவுக்கே வந்து ஆக்ரா, பெஷாவர், பெங்களூரில் அளந்தார். வடிகட்டிய வலுவான துகள்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் நம் பக்கம்தானே வர வேண்டும்?

சரி, அந்தச் சமதளம் ஏன்? துகள் தாண்ட வேண்டிய மதில் ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு. முன்மதில் காந்தம், பின்மதில் காற்று. நம் தலைக்குமேல் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஒரு கிலோ காற்று இருக்கிறது. பத்து மீட்டர் தண்ணீர் நிற்பதற்குச் சமம். நம் ஊரில் முன்மதில் 17 ஜிகாவோல்ட் உயரம், அதைத் தாண்டியதற்குப் பின்மதில் பொருட்டே இல்லை. வடக்கே போகப் போக முன்மதில் மளமளவென்று இறங்குகிறது. பின்மதில் எங்கும் ஏறக்குறைய ஒரே உயரம். ஓர் இடத்தில் முன்னது பின்னதைவிடத் தாழ்ந்துவிடும். அதற்குமேல் முன்மதிலைத் தரைமட்டமாக இடித்தாலும் பயனில்லை. புதிதாக உள்ளே வரும் வலுவற்ற துகள்கள் காற்றிலேயே மடிந்துபோகும், கடல்மட்டத்துக்கு அவற்றின் பிள்ளைகுட்டிகூட வந்து சேராது. ஹாம்பர்க் கிளம்பும்போதே பின்மதிலின் ஆட்சிக்குள் இருந்தது. ஜெர்மானியர்கள் சமதளத்திலேயே ஏறி சமதளத்திலேயே இறங்கினார்கள்.

உங்கள் தம்பியின் பாதையில் இதைப் பார்க்கலாம். தூத்துக்குடியில் 17. செங்கடலில் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கும். மத்தியதரைக்கடலில் வரம்பு இன்னும் இறங்கும்: ஏதென்ஸ் 8.5, ரோம் 6.3. பிஸ்கே விரிகுடாவைத் தாண்டும்போது மியூவான் எண்ணிக்கை ஏறக்குறைய சமதளத்தைத் தொட்டுவிடும். ஜெர்மனியின் கீல் 2.4, பின்லாந்தின் ஊலு 0.8. முன்மதில் மூன்றில் ஒன்றாக இறங்கியும் கருவி கண்டுகொள்ளாது. காற்றில் பிறக்கும் நியூட்ரானை எண்ணும் கருவியாக இருந்தால் கதை கொஞ்சம் நீளும். அது வலுவற்ற துகள்களின் விளைவையும் உணரும் என்பதால் சமதளம் 2–3 ஜிகாவோல்டில்தான் வரும், நம் பக்கத்து எண்ணிக்கையும் அந்தச் சமதளத்தில் ஏறக்குறைய பாதியாக இருக்கும். 1954-ல் தொடங்கி கனடாவின் ‘லாப்ரடார்’ போன்ற கப்பல்களில் ஆர்க்டிக் முதல் அண்டார்க்டிகா வரை கொண்டுபோனது இந்த வகைக் கருவிகளைத்தான்.

நார்வேயில் இரவு வானத்தில் பச்சைத் திரை ஆடினால் தம்பி உடனே கருவியைப் பார்ப்பான். அது அசையாது. துருவ ஒளியை உண்டாக்கும் துகள்கள் காஸ்மிக் கதிரோடு ஒப்பிட்டால் நோஞ்சான்கள், சுமார் 100 கி.மீ. உயரத்திலேயே நின்றுவிடும்.

உயர் அட்சக் கடலில் அளப்பவர்களை உண்மையில் படுத்துவது வேறொன்று, காற்றழுத்தம். காற்று கனத்தால் பின்மதில் உயரும், இலேசானால் தாழும். தூத்துக்குடியில் அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல் என்றால், வடகடல் புயலில் 970-க்கு இறங்குவது சாதாரணம். ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மியூவான் 0.1 சதவீதத்துக்குச் சற்று மேலும், நியூட்ரான் 0.7 சதவீதமும் கூடும். 40-க்குக் கணக்குப் போட்டால் மியூவானில் சுமார் 5 சதவீதம். நாம் தேடும் விளைவே 10 சதவீதம்தான்! அழுத்தத்தைத் திருத்தாமல் வரைபடம் போட்டால் பாதி அட்சம், பாதி புயல். குளிரும் குழப்பும். மேல்காற்று குளிர்ந்து சுருங்கினால் மியூவான் பிறக்கும் உயரம் தாழ்கிறது. மியூவானின் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. பயண தூரம் குறைந்தால் வழியில் சிதைவது குறைந்து, எண்ணிக்கை கூடும்.

சூரியனின் பங்கைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சூரியன் 11 ஆண்டுக்கு ஒருமுறை உக்கிரமாகிறது. அப்போது அதிலிருந்து வீசும் காந்தக் காற்று, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரைத் தள்ளிவிடுகிறது. சூரியன் பொங்கினால் காஸ்மிக் கதிர் குறையும். அதுவும் சமதளத்தில்தான் நன்றாகத் தெரியும். 17 ஜிகாவோல்டுக்கு மேற்பட்ட முரட்டுத் துகள்களைச் சூரியனால் அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை.

அளப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் நார்வே போக வேண்டாம். சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், திருச்செந்தூர் சாலையில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.  காந்த ஊசி கிட்டத்தட்ட படுக்கையாகவே நிற்கும் ஊர் என்பதால் இங்கே வந்தார்கள். இங்குள்ள காஸ்மிக் கதிர்க் கருவி, சோடியம் அயோடைடு படிகங்கள் இரண்டு. ஒன்று 7.62 செ.மீ. விட்டமும் அதே உயரமும் கொண்ட உருளை. மற்றது 10.16 செ.மீ. சதுர முகமும் 40.64 செ.மீ. நீளமும் கொண்ட கட்டை. காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் காமா கதிர் உள்ளே பட்டதும் படிகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மினுக்கென்று ஒளிரும், பின்னால் பொருத்திய ஒளிபெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக்கி எண்ணும். உங்கள் வெயில் இங்கே உள்ளே நுழைந்துவிடுகிறது: வெப்பம் மாறினால் கருவி காட்டும் அளவு நகர்ந்துவிடும், அதுவும் இப்போது எத்தனை டிகிரி என்பதை மட்டுமல்ல, இதற்கு முன் எப்படி ஏறி இறங்கி வந்தது என்பதையும் பொறுத்து நகரும் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே படிகங்களுக்கு வெப்பம் மாறாத அறை. மழையும் சும்மா விடாது. 2017-ல் ஒக்கி புயலின்போது மழையோடு எண்ணிக்கை கூடியது. விண்ணிலிருந்து எதுவும் கூடுதலாக வரவில்லை. மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் வாயுவின் சிதைவுப் பொருள்கள் காற்றில் மிதந்துகொண்டிருந்தன, மழை அவற்றை அலசித் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

தம்பிக்கு என் யோசனை. கடையில் கிடைக்கும் ஒற்றைக் கைகர் கருவி வேண்டாம். அது கண்ட காமாவையும் எண்ணும். துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்ததுமே எண்ணிக்கை சரியும், அது பாறையும் கான்கிரீட்டும் விலகிய விளைவு. சரக்கே கிரானைட்டாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உணரிகள் வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் கருவி வேண்டும். இரண்டையும் துளைத்துப் போவது பெரும்பாலும் மியூவானாகவே இருக்கும். உணரி 10 செ.மீ. சதுரம் என்றால் நிமிடத்துக்கு நூறுக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்தாயிரம் சேர்ந்தால் பிழை ஒரு சதவீதம், அதற்கு இரண்டு மணி நேரம் போதும். கேப்டனிடம் அனுமதி வாங்கி, எஞ்சின் அறையின் சூட்டுக்கும் இரும்புக்கும் தள்ளி, ஏ.சி. உள்ள அறையில் கட்டிவைக்கட்டும். கப்பல் உருளும்போது கருவி சாய்ந்தால் எண்ணிக்கை இறங்கும், அந்த நாள்களுக்கு ஒரு குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றழுத்தத்துக்குத் தனிக் கருவி தேவையில்லை. பிரிட்ஜில் வாட்ச் மாறும்போதெல்லாம் லாக்கில் எழுதிவைப்பார்கள், இடத்தின் அட்ச தீர்க்கத்தோடு. அதை நகலெடுத்து வந்தால் போதும், மீதிக் கணக்கை உங்கள் மகளே போட்டுவிடுவாள்.